வெளியே அழைக்கப்பட்டவர்கள்

கூட்டத்தில் தம்பியைப் பார்த்ததும் அவள் முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள்.

ஜெபத்தைத் தடுக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். நான்கு பைக்குகள். கடைசி வண்டியில் சேது. இன்னும் அவளைப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. பெயிண்ட் கடைக்கு மேலிருந்த ஜெபக்கூடத்தை, தகராறு வேண்டாமென்று கட்டட உரிமையாளர் நேற்றே பூட்டிவிட்டார். போதகரும் அவளோடு சேர்த்து இருபது பேரும் தெருவில் நின்றிருந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவன் பெயர்ப்பலகையைப் பிடுங்கிக் கீழே போட்டான்.

“சபையே போச்சு. இன்னும் எதுக்கு நிக்கிறீங்க?”

போதகர் ஓரடி முன்னால் வந்தார்.

“கூடம்தான் போச்சு தம்பி. வேதத்துல சபைன்னா கட்டடம் இல்ல. வெளியே வரச்சொல்லி அழைக்கப்பட்ட ஜனங்க. மூல கிரேக்க வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.”

“ஓகோ. அந்த ஜனங்க யாரு? இவர் பக்கத்துல வந்து நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கிறோம். மத்தவங்க வீட்டுக்குப் போகலாம்.”

செல்போனை உயர்த்தினான்.

யாரும் அசையவில்லை.

பிறகு இரண்டு பேர் நழுவினார்கள்.

அவளுக்கு இடப்பக்கம் ஒரு சந்து. பத்தடி நடந்தால் போதும். மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் மூன்று மாதமாக வருகிறாள். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சபைப் பதிவேட்டில் பெயர் இல்லை. போனாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

படம் எடுத்தால் மாலைக்குள் அவள் கணவன் கைக்குப் போய்விடும்.

 

போதகர் தனியாக நின்றார். வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்திருந்த விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அவரும் பயந்திருக்கிறார்.

அதைப் பார்த்த பிறகு அவளால் சந்துப் பக்கம் திரும்ப முடியவில்லை.

நடந்தாள். போதகர் பக்கத்தில் போய் நின்றாள். முக்காடு நழுவியது. சரிசெய்யக் கை எழவில்லை.

“அக்கா?”

சேது ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

“பைத்தியமா உனக்கு? மாமாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார். வீட்டுக்கு வா.”

“பயமா இருக்குடா,” என்றாள். “கொஞ்சம் பக்கத்துல நில்லேன்.”

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். ஒன்று. பிறகு இன்னும் சில. வந்து நிற்கிறார்கள். சபையில் யார் யாரென்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

“சேது, தள்ளுடா! நீயும் படத்துல விழற.”

அவன் கையிலும் வியர்த்திருந்தது.

அவள் மணிக்கட்டை அவன் விடவில்லை.

இழுக்கவும் இல்லை.