தூக்குச்சட்டியில் கிரீஸ்

"அந்தோணி, அந்தத் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் தொறங்க."

கம்பெனி கேட்டில் வழிமறித்தார் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் வேல்குமார். திருடனைப் பிடிக்கும்போதுகூட 'ங்க'வை விடாத ஊர் அது.

ஃபிட்டர் அந்தோணிராஜ் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "வெறுஞ்சட்டிதான் சார்."

பிடுங்கித் திறந்தார். மேலே செய்தித்தாள். அடியில் கழுத்துவரை கிரீஸ்!

வேல்குமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துணி காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினுக்கு மூன்று மாதமாக கிரீஸ் இரட்டிப்பாகச் செலவாகிறது. "சனிக்கெழமைக்குள்ள ஆளப் புடிங்க. இல்லீன்னா நீங்க கெளம்பிக்கலாமுங்க" என்று முதலாளி ஆறுமுகசாமி சொல்லிவிட்டார். இன்று வெள்ளி.

அந்தோணிராஜை நேரே லேபுக்கு இழுத்துப் போனார்.

"சித்ராதேவி, இது நம்ம கிரீஸ்தான்னு எழுதிக் குடுங்க. மொதலாளி வந்துட்டிருக்காருங்க."

லேப் பெண் சித்ராதேவி குச்சியால் கிளறினாள். கிரீஸ் கறுத்து, தார் மாதிரி இறுகியிருந்தது.

"இது கருகிப்போனதுங்க சார். இதைத் திருடி என்னங்க பண்றது?"

"கருகாதுங்க! ஆக்சிடேஷன் டெஸ்ட் பாஸானது. ரிப்போர்ட்டப் பாத்து மூணு மாசம் முன்னால நானே மாத்துன கிரீஸ்." ஃபைலிலிருந்து எடுத்து நீட்டினார்.

அவள் நிதானமாகப் படித்தாள்.

"டெஸ்ட் சரிதானுங்க. கிரீஸை மூடுன பாத்திரத்துல வெச்சு, ஆக்சிஜன அழுத்தி அடைச்சு, நூறு மணி நேரம் சூடு பண்ணுவாங்க. அழுத்தம் எறங்குனா, கிரீஸ் ஆக்சிஜனத் தின்னு கெட்டுப்போவுதுன்னு அர்த்தம். இதுல எறங்கலீங்க. ஆனா அங்க சூடு தொண்ணூத்தொம்பது டிகிரி. கிரீஸும் ஆடாம அசையாம இருக்கும். நம்ம ஸ்டென்டரு நூத்தி அறுபதுல ஓடுதுங்களே!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது வேல்குமாருக்குப் புரிந்தது. குரல் இறங்கிவிட்டது.

"அப்புறம் எப்படிங்க மூணு மாசமா வெள்ளைத் துணியில ஒரு கிரீஸ் கறைகூட விழுகல?"

அந்தோணிராஜ் தலையைச் சொறிந்தான். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா கருகுனத வழிச்செடுத்துட்டு புதுசு வைக்கேன் சார். அதான் செலவு கூடிப்போச்சு."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"மொத வாரமே சொன்னேன். 'உங்களுக்கு ரிப்போர்ட்டு படிக்கத் தெரியுங்களா'ன்னு கேட்டீங்க."

வேல்குமாருக்கு வெட்கமாக இருந்தது. "அதை எதுக்கு வெளிய தூக்கிட்டுப் போறீங்க?"

"இங்ஙன கொட்டுனா மொதலாளி கண்ணுல படும். தப்பா கிரீஸ் வாங்குனதுக்கு முந்தின ஸ்டோர்ஸ்காரர அன்னைக்கே அனுப்பிட்டாரு. உங்களுக்கு இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு..."

வாசலில் செருப்புச் சத்தம். முதலாளி உள்ளே வந்தார்.

"ஏனுங்க வேல்குமாரு, ஆளப் புடிச்சாச்சுங்களா?"

அந்தோணிராஜ் அவசரமாக மூடியைத் தேடினான். வேல்குமார் சட்டியை விடவில்லை. திறந்தபடியே முதலாளி முன்னால் வைத்தார்.

"புடிச்சாச்சுங்க. நான்தானுங்க."