மூன்றாம் ஸ்வரம்

சிரிக்காமல் ஒருநாளும் மேடை ஏறாத டிரம்மர் லூர்துவைப் புதைக்கும் நேரத்தில், அவரோடு மேடையில் வாசித்த செலினின் கிதாரில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து ஒன்றுதான் மிஞ்சியது. "வச்சிரும்மா, நாங்க சும்மாவே பாடிக்கிறோம்" என்றார் பாடகர் குழுத் தலைவர். "ஒண்ணு போதும்ணே" என்றாள். பாட்டு அழுவதும் சிரிப்பதும் மூன்றாம் ஸ்வரத்தின் கையில்; அது அரை ஸ்வரம் இறங்கினால் அழுகை, ஏறினால் சிரிப்பு. அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். கிதார் கழுத்தில் விரலை ஒரே ஒரு ஃபிரெட், ஒரு கட்டம் மட்டும், மேலே நகர்த்தினாள். சோகமாகப் பாடிக்கொண்டிருந்த கூட்டம் தடுமாறியது. லூர்துவின் மனைவிதான் முதலில் அந்த ஸ்வரத்துக்கு ஏறினாள். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள். அப்போது கடைசிக் கம்பியும் அறுந்தது. செலின் வெறும் மரத்தில் அதே இடத்தை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். பெட்டி மெல்லக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு மேலேயே நின்றது.