இடப்பக்கத்துப் பெட்டி

"இது செத்த பெட்டிடே. வேற கொண்டா."

குற்றாலலிங்கம் சோபாவை விட்டு அசையாமல் இடப்பக்கம் கையை நீட்டினார்.

எம்.ஜி. ரோட்டுக் கடையின் கண்ணாடி அறை. அவரைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்கள், முன்னால் மூன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு. மலையாளி விற்பனையாள் ஸ்ரீகுமார் ரிமோட்டை அழுத்தினால் 'உஷ்' என்று ஓர் இரைச்சல் பெட்டி பெட்டியாகச் சுற்றி வரும். வலப்பக்கம் வரும்போது காதைப் பிய்த்தது. இடப்பக்கம் போனதும் அடுத்த தெருவில் பெய்யும் மழை மாதிரி தேய்ந்தது.

இது மூன்றாவது செட். ஸ்ரீகுமாருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"சாரே, எனக்கு நல்லவண்ணம் கேக்குதல்லோ!"

குற்றாலலிங்கத்திடமா இந்தக் கதை? சாலை பஜாரில் முப்பது வருஷமாகப் பருப்பு மொத்த வியாபாரம். மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசுகிற ஆளில்லை. அடிமூட்டையில் குத்தூசி இறக்கி, பருப்பை உருவிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு.

அவருக்கு இடப்பக்கம், சோபாவின் ஓரத்தில், மனைவி பொன்னம்மை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டிலும் அவள் இடம் அதுதான். சோபாவிலும் இடப்பக்கம், கட்டிலிலும் இடப்பக்கம்.

அவள் அவரோடு பேசி எட்டு மாதம் ஆகிறது.

போன ஓணத்தன்று விருந்தாளிகளின் முன்னால் அவர் அவளை ஏசினார். அவளும் பட்டென்று திருப்பிக் கொடுத்தாள். நாலு பேர் பார்க்க! அவருக்குப் பொறுக்கவில்லை. அவளே முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டார். அன்று இரவிலிருந்து அவளுக்கு முதுகைக் காட்டி, வலப்பக்கமாக ஒருக்களித்து, தலையணையில் காதைப் புதைத்துத்தான் தூக்கம்.

அவள் பேசவே இல்லை. சோறு வந்தது, தட்டு போனது. என்ன பிடிவாதம்! அதற்கு முந்தின மாதம்தான் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இடக்கன்னம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தபோது, தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டவள் இவள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். வடிந்தது. டாக்டருக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்?

மகளும் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். வீடு ஓவென்று கிடந்தது. டிவியைச் சத்தமாக வைத்தும் பற்றவில்லை. பேச்சுத்தான் இல்லை, சத்தமாவது இருக்கட்டும் என்றுதான் இந்த ஹோம் தியேட்டர். இன்று மத்தியானம் சுவரைப் பார்த்துச் சொன்னார், கடைக்கு ஒரு ஆள் கூட வந்தால் தேவலை என்று. பொன்னம்மை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். மனசுக்குள் அவர் துள்ளிக் குதிக்காத குறைதான்.

ஸ்ரீகுமார் வலப்பெட்டியை இடப்பக்கம் வைத்தான், இடப்பெட்டியை வலப்பக்கம் வைத்தான். வலத்துக்குப் போனது கத்தியது, இடத்துக்கு வந்தது செத்தது. வயரை மாற்றினான். ஊகூம். கடைசியில் இரைச்சலை ஓடவிட்டு, இன்னொரு செட் எடுத்துவர வெளியே போனான்.

'நம்மையா ஏமாற்றுகிறான்?' குற்றாலலிங்கம் சோபாவின் மேல் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பினார். அந்தச் செத்த பெட்டியை நேருக்கு நேர் பார்த்துவிடுவது என்று.

உஷ்ஷ்ஷ்!

செத்த பெட்டி காதுக்குள் பாய்ந்தது. அவர் ஆடிப்போனார். ஒரு கணம் கழித்து இரைச்சல் மற்றப் பெட்டிகளுக்குப் போனது. இத்தனை நேரம் கத்திய வலப்பக்கத்துப் பெட்டிகள் இப்போது அவருக்கு இடப்பக்கம் இருந்தன. அவை கம்மென்று அடங்கிவிட்டன.

இடக்காதைக் கையால் பொத்தினார். எடுத்தார். மறுபடி பொத்தினார். எந்த வித்தியாசமும் இல்லை.

ஐயோ. கோளாறு பெட்டியில் இல்லை.

அப்போதுதான் வலக்காதுக்குப் பக்கத்தில், அந்த அடங்கிய இரைச்சலுக்கு மேலே, ஒரு சன்னக் குரல் கேட்டது. பொன்னம்மை இருந்த இடத்திலேயே தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"...ஒரு பெட்டிக்கு இம்புட்டுப் பாடு படுதிய. நாளைக்கிக் காலைல அண்ணன் வந்துருவான், நான் நாகர்கோவிலுக்குப் போறேன். பத்து நாளா தெனமும் சொல்லுதேன். போவாதன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரல்லியே."

பத்து நாளாகவா? தினமுமா?

ஸ்ரீகுமார் நாலாவது செட்டைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான். பெரியவர் சோபாவில் முழங்காலிட்டு, கண் கலங்கி நிற்பதைப் பார்த்துப் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்துபோனான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்குடே" என்றார் அவர். பிறகு எட்டு மாதத்தில் முதன்முறையாக மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏட்டி பொன்னம்மை, எனக்கு இந்த இடக்காது கேக்கல்ல. ஒண்ணுமே கேக்கல்லட்டி. நீ எங்கயும் போவாத. இனிமே எனக்கு வலப்பக்கம் வந்து இரி. சொன்னதெல்லாம் முதல்லருந்து சொல்லு."

அவள் அவரையே வெறித்துப் பார்த்தாள். கை தன்னால், பொன்னுக்கு வீங்கிக்குப் போட்ட அந்தக் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது.

"எதுலருந்து சொல்ல? ஓணத்தன்னைக்கு ராத்திரியே உங்க முதுகுப் பக்கம் படுத்துக்கிட்டு, எம்மேலதான் தப்புன்னு விடிய விடிய அழுதேனே. அதுலருந்தா?"