ரத்தம் வராத ஈறு

குரலைக் காப்பாற்றத்தான் சிகரெட்டை விட்டேன். டப்பிங்கில் வில்லன்களுக்குக் கத்திப் பிழைக்கிறவனுக்குத் தொண்டைதான் சோறு. அதற்குப் பதிலாக மாம்பழ வாசனை வரும் ‘வேப்’ என்கிற மின்சிகரெட்டை மூன்று வருடம் விடாமல் இழுத்தேன். நேற்று முன்பற்கள் ஆடுகின்றன என்று பல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா இரண்டு விரலால் ஒரு பல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

“பிரஷ் பண்றப்ப ரத்தம் வருமா?”

“ஒரு சொட்டு வந்ததில்ல மேடம்” என்றேன் பெருமையாக.

“எப்படி வரும்? அதுல இருக்கிற நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி வச்சிருக்கு. ஈறு அழுகினாலும் ரத்தம் காட்டாது. உள்ள எலும்பே கரைஞ்சு போச்சு. மேல நாலு பல்லையும் எடுக்கணும்.”

எடுத்தால் ‘ச’ சொல்லும்போது காற்றுதான் வரும். அப்புறம் எவன் கூப்பிடுவான்? நாளைய ரெக்கார்டிங் முடியட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இன்று மைக் முன்னால் பற்களுக்கு நாக்கை முட்டுக்கொடுத்தபடி பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்ஜினியர் பிரசன்னா சிரித்தான்.

“அண்ணே, தம்பியக் கொன்னவன்கிட்ட பேசுறீங்க. நலம் விசாரிக்கிற மாதிரி இருக்கு.”

அழுகிக்கொண்டே மூன்று வருடம் நல்லபிள்ளையாக நடித்த என் ஈறை நினைத்தேன். அதை நம்பிய என்னையும் நினைத்தேன். நாக்கை எடுத்துவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“சாவுடா!”

வசனத் தாளின் மேல் பல் விழுந்து உருண்டது. பிரசன்னா கட்டைவிரலை உயர்த்தினான்.

“சூப்பர்ணே! இதேதான் வேணும். சேஃப்டிக்கு இன்னொரு டேக் போயிரலாம்.”