லாரி நிரம்பும் வரை

"ஒரு லாரி ரொம்புறதுக்கு முக்கால் மணி நேரமா? அப்ப உங்க போர்ல ஊத்து வத்திப் போச்சும்மா" என்றாள் மெர்சி.

கங்கம்மாள் அவசரமாக மறுத்தாள். "தண்ணி நல்லாத்தான் கீது கண்ணு."

லாரிக்குத் தண்ணீர் விற்கும் போர்களுக்கு வரம்பு கட்டிப் புதுச் சட்டம் வரப்போகிறதாம். வந்தால் யாருக்கு என்ன பாதிப்பு என்று விசாரித்து எழுதத்தான் மெர்சி மண்ணூருக்கு வந்திருந்தாள். ஊற்று குறைந்த போர்களை முதலில் மூடிவிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினாள். மூடினால் என்ன நஷ்டம் என்று கேட்டாள்.

கங்கம்மாள் வெளியே பார்த்தாள்.

லாரி நிழலில் உட்கார்ந்து ரகு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் மகன். ஜாஸ்மினைக் கட்டிக்கொண்டபோது நடந்த சண்டையில், இனி இந்த வீட்டு வாசப்படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு சுங்குவார்சத்திரத்துக்குக் குடிபோனவன். சொன்னபடியே ஏறவில்லை. ஆனால் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் எடுக்கத் தினமும் லாரியோடு வந்தான். குழாயை மாட்டிவிட்டு உட்காருவான். அவள் தட்டைக் கொண்டுபோய் வைப்பாள். "கொழம்புல உப்பு பத்தல" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் தினமும் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மெர்சி அவனையும் கேட்டாள். மெதுவாகத்தான் நிரம்புகிறது என்றான், தட்டைப் பார்த்தபடி.

இதற்கு மேல் மறைத்தால் போர் போய்விடும். லாரியும் வராது.

"அத எழுதாத கண்ணு" என்று கங்கம்மாள் மெர்சியின் காதருகே குனிந்தாள். "நான்தான் வால்வைக் கொஞ்சம் மூடி வச்சிக்கினு கீறேன். சட்டுனு ரொம்பிட்டா பாதி சோத்துல எழுந்து பூடுவான்."

மெர்சி சிரிக்கவில்லை. திறந்து காட்டுங்கள் என்றாள்.

மோட்டார் கொட்டகையில் கங்கம்மாள் வால்வைத் திருகினாள். அவள் மூடியது ஒரே ஒரு சுற்று. அதைத் திறந்தும் தண்ணீர் வேகம் எடுக்கவில்லை. நிஜமாகவே வற்றிவிட்டதா? இன்னும் திருகினாள். வால்வு சுற்றிக்கொண்டே போனது. திடீரென்று குழாய் உதற, தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

புரியாமல் திரும்பினாள். கொட்டகை வாசலில் ரகு எச்சில் கையோடு நின்றிருந்தான்.

"மீதி சுத்து நான் மூடுனதும்மா."