மனப்பாடம் இல்லாத பாட்டு

லாட்சரோவுக்கு விரல்கள் ஓய்ந்துவிட்டன. இத்தாலியின் மாந்துவா நகர யூதர்கள் நானூறு வருடங்களுக்கு முன் இயற்றிய இசையை, கல்யாணத்துக்குத் தேர்ந்தெடுக்கக் காலையிலிருந்து பியானோவில் வாசித்துக் காட்டுகிறார். கல்யாணப் பெண் அலெக்ரினாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"இதுவும் மனப்பாடமா மாஸ்டர்?"

"தூக்கத்துல எழுப்பினாலும் வாசிப்பேன்."

"அப்போ வேண்டாம்."

"ஏம்மா என் பிராணனை வாங்கறே?" கடைசியாக ஒரு தடித்த இசைத்தாள் கட்டை எடுத்தார். "இது பாக்காம வராது. பக்கம் புரட்டவே தனியா ஓர் ஆள் வேணும்."

"இதேதான்!" அவள் கண் கலங்கியது. "என்னை வளர்த்த மாமாவோட அப்பா இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகல. நம்ம வழக்கப்படி துக்கக்காரர் கல்யாணத்துல விருந்தாளியா உட்காந்து பாட்டு கேக்கக் கூடாதே. பக்கம் புரட்டற வேலைக்குன்னு வந்தா வரலாமில்ல?"

"அவருக்கு இசை தெரியுமா?"

"துளிகூடத் தெரியாது. நீங்க தலையாட்டினா புரட்டிடுவார்."

லாட்சரோ அப்போதே தலையாட்டினார்.