எதிர்ப்பக்கம்

என் இடது காதைப் பிய்த்துக்கொண்டு போனதன் பேரை நான் சொல்வதில்லை. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் எவரும் சொல்ல மாட்டார்கள். ‘அது’ என்போம். பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

மகன் சற்குணம் அண்டார்டிகாவுக்குச் சமையல் வேலைக்குக் கிளம்பியபோது, அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“வடக்கு முனை கரடிப் பக்கம்ப்பா. இது அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். அந்த அர்த்தத்துலதான் கிரேக்க பாஷையில பேரு வச்சிருக்கான். அங்க ஒரு கரடிகூடக் கிடையாது.”

“இல்லாததை எவனாவது பேருல வைப்பானா? அங்க போய் மூணு வேளையும் அதைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கப் போறீங்க. வேற பேரு சொல்லுங்கடா.”

“இருக்கிற ஒத்தக் காதுலயும் நல்லதைப் போட்டுக்க மாட்டீங்களே” என்று சிரித்துவிட்டுப் போனான்.

நேற்று போன் செய்தான். குரல் சரியில்லை.

“அப்பா, சமையக்கட்டு இரும்புக் கதவுல, வெளிப்பக்கமா அஞ்சு கோடு விழுந்திருக்கு. பனிக்கட்டி உரசியிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எவ்வளவு உயரத்துல?”

“என் தலைக்கு மேல.”

காது இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கேயும் அஞ்சு கோடுதான்.

“டேய், இன்னைக்கு மட்டும் அந்த ஊர்ப் பேரை எத்தனை வாட்டி சொன்ன?”

அவன் சிரிக்கவில்லை. எண்ணத் தொடங்கினான்.